காற்றோட்டத்துக்காக ஒரு வழக்கு

"வெளிச்சம் வந்துகினுதான் கீது சார். அவ கொரலுதான் வர்ல."

சாட்சிக் கூண்டில் நின்று அந்த அக்கா இப்படிச் சொன்னதும் அம்பத்தூர் நீதிமன்றத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருடைய வக்கீலான நானும், எதிர்வாதியாக வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா திருமுல்லைவாயிலில் தனியாக இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். பாத்திரம் துலக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் இரு பெண்களும் அதில் கை ஊன்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போன அக்கா திரும்பி வந்து பார்த்தால், சுவர் தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பேச்சே வேண்டாம் என்று தன்னை ஒதுக்கிவிட்டாள் என நினைத்து, அங்கே போய்க் கேட்காமல் நேராக என்னிடம் வந்துவிட்டார். என் நோட்டீஸ் போனதும் அந்தப் பெண்ணும் முறுக்கிக்கொண்டார்.

எனக்குத் தொழில் புதிது. நெடுங்காலம் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு; பேச்சுத்துணைக்கு இல்லை. எனவே அக்காவின் மனக்குறையை வெளிச்சக் குறையாக எழுதினேன். இன்றும் பல வழக்குகளை அப்படித்தான் எழுதுகிறேன். சட்டத்தில் பெயர் இருக்கும் வலிக்குத்தானே நிவாரணம் கேட்க முடியும்? ஆனால் குறுக்கு விசாரணையில், வீட்டுக்குள் வெளிச்சம் வருகிறதா என்று கேட்டபோது அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

வழக்கு தோற்றது என்றுதான் நினைத்தேன். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருவரையும் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார். அந்த அறையில் அக்கா எதிர்ச்சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் வெடித்தார்.

"இன்னாக்கா, தெருப்பக்கமா வந்து ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவ? கோர்ட்டுக்கு இஸ்துட்டியே!"

"சொவுரு ஏத்தசொல்லோ என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியாடி?"

"நீ ஊர்லயே இல்ல. திருட்டு பயம்னு எங்கூட்டுக்காரரு ஏத்திட்டாரு. நீ வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நோட்டீஸ் வந்துச்சு."

அதற்குமேல் இருவரும் அழுதார்கள். வக்கீல்கள் நாங்கள் வெளியே போய் நின்றோம்.

சுவரில் ஒரு ஜன்னல் அளவுக்குத் திறப்பு விடுவதென்று முடிவாயிற்று. ஒப்பந்த மனுவில் காரணம் என்ன எழுதுவது? அரட்டைக்காக என்றா எழுத முடியும்? "காற்றோட்டத்துக்காக" என்று எழுதினோம். நீதிபதி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்தும்மா அடிக்கும்?"

அக்கா வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்: "ரெண்டு பக்கமும் சார்."