கழுவிக் காயவைத்த மக்காச்சோளம்

அந்த மயில்களைக் கொன்றவள் நான். வேலுச்சாமி அண்ணாச்சி அல்ல.

எழுதிவிட்டேன்... இந்த ஒரு வரிக்கு இவ்வளவு காலமா என்று நீங்கள் கேட்கலாம். முழுவதையும் படித்துவிட்டுக் கேளுங்கள். நான் செய்ததில் கொன்றதுதான் சிறிய பாவம்.

மம்சாபுரத்தின் கடைசித் தெருவில் என் வீடு. கொல்லைப்புறத்துச் சுவரைத் தாண்டினால் வேலுச்சாமி அண்ணாச்சியின் மக்காச்சோள வயல், அதற்கப்பால் மாந்தோப்புகள், பிறகு மலை. கணவர் இறந்து, மகளையும் கோவைக்குக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் என்னோடு பேச ஆள் இல்லை. ஒருநாள் மிஞ்சிய சோற்றைக் கொல்லையில் போட்டேன். மைனாக்கள் வந்தன. பிறகு புறாக்கள், தவிட்டுக்குருவிகள்... ஒரு விடியலில் சுவரின்மேல் ஒரு பெண்மயில் வந்து நின்றது. கீழே அதன் குஞ்சுகள்! அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அன்பினால் இரை போட்டேன் என்று சொல்ல ஆசை. அது பாதி உண்மை. மறுபாதி பெருமை. மயில்களைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பேன். உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி வருகின்றன என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அரிசியை அள்ளி வீசிய காலைகள் எத்தனையோ உண்டு.

வேலுச்சாமி அண்ணாச்சிக்கு அவை வேறு பறவைகள். விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறி விதையைத் தின்றுவிடும். தப்பி முளைத்ததைக் கொத்தும். கதிர் பிடித்தால் அதையும் உரிக்கும். தேசியப் பறவை என்பதால் கல்லெடுத்து எறியவும் அவருக்குப் பயம். பலமுறை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பொறுமையாகத்தான் கேட்டார், நான் இரை போடுவதால்தான் அவை இங்கேயே கிடக்கின்றன என்று. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? வாயில்லா ஜீவனுக்கு நாலு மணி கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்றேன். அவருடைய உழைப்பை எடுத்து நான் தர்மம் செய்துகொண்டிருந்தேன்!

எனக்கு இராஜபாளையத்தில் ஓர் உரக்கடையில் பில் போடும் வேலை. விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் விற்கும் கடை. மக்காச்சோள விதை சிவப்பாக வரும். மருந்து பூசியது என்று பார்த்தவுடன் தெரிவதற்காகவே அதில் சாயம் ஏற்றியிருப்பார்கள். இதை மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பேன். வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன்.

எலி கடித்த பாக்கெட்டைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளாது. அப்படி ஒரு பாக்கெட்டைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார் முதலாளி. எனக்கு மனசு வரவில்லை... நல்ல திரட்சியான மணிகள்! பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கழுவினேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. மறுபடி கழுவினேன், வெளிறியது. மறுபடியும் கழுவினேன். தண்ணீர் தெளிந்ததும் மருந்தும் போய்விட்டது என்று நினைத்தேன். மருந்தடித்த கத்தரிக்காயையும் திராட்சையையும் கழுவிவிட்டுத்தானே தின்கிறோம்? மொட்டைமாடியில் காயவைத்து, சிறிய பறவைகளுக்குத் தொண்டையில் சிக்குமே என்று பாதியை மிக்சியில் ஒன்றிரண்டாக உடைத்து, எல்லாவற்றையும் கொல்லையில் தூவினேன். அவ்வளவு கரிசனம் எனக்கு!

மறுநாள் காலையில் கொல்லையில் மைனாக்கள் செத்துக் கிடந்தன. ஒரு புறாவுக்கு மட்டும் உயிர் இருந்தது. கையில் எடுத்தேன், கழுத்து நிற்கவில்லை. என் உள்ளங்கையிலேயே அது அடங்கியது. அப்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மிச்ச மணிகளைக் கூட்டி அள்ளி, பறவைகளோடு சேர்த்துப் பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். பாக்கெட்டை எரித்தேன். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வேலைக்குப் போனேன்.

மயில்கள் என் கொல்லையில் சாகவில்லை. தின்றுவிட்டுப் பறந்து, வேலுச்சாமி அண்ணாச்சியின் வரப்பில் போய் விழுந்தன. தாயும், வளர்ந்துவிட்ட அதன் குஞ்சுகளும்...

வனத்துறையினர் வந்தார்கள். மயில்களின் இரைப்பையில் மக்காச்சோளம் இருந்ததாம். வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்? இதுகளுக்கு மருந்து வைத்தால்தான் சரிப்படும் என்று டீக்கடையில் அவர் ஆத்திரத்தில் சொன்னதை ஊரே கேட்டிருந்தது. விசாரித்துக்கொண்டு எங்கள் கடைக்கும் வந்தார்கள். வேலுச்சாமி இங்கே மருந்து ஏதும் வாங்கினாரா என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

"வாங்கினாரு சார். போன வாரந்தான்," என்றேன்.

இது பொய் இல்லை. நன்றாகக் கவனியுங்கள், நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை! படைப்புழுவுக்கு அடிக்க அவர் மருந்து வாங்கியது உண்மை. அந்த வாரம் அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோருமே அதை வாங்கியதும் உண்மை. அதை அவர்கள் கேட்கவில்லை... நானும் சொல்லவில்லை. அவர்கள் போன பின் அடுத்து நின்றவருக்கு யூரியாவுக்குப் பில் போட்டேன்.

முதலில் மறுத்த மனிதர் சாயங்காலத்துக்குள் ஒத்துக்கொண்டுவிட்டார். நான்தான் மருந்து வைத்தேன் என்று எழுதியே கொடுத்துவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி! அப்படியானால் அவரும் வைத்திருக்கிறாரோ... என் மணிகளால் இல்லையோ... அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் சிறையில் இருந்தபோது நான் நன்றாகத் தூங்கினேன்.

ஜாமீனில் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு அலைந்தார். அடுத்த வெள்ளாமைக்கு நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டார். நானோ தவக்காலத்தில் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். கோபப்பட்டேன், புறம் பேசினேன், ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய்க் கறி சாப்பிட்டேன் என்றெல்லாம் சொன்னேன். சாமியாரும் பாவமன்னிப்புத் தந்து அனுப்பினார். சொல்லாத பாவத்தைச் சுமந்துகொண்டே பூசையில் போய் நற்கருணை அப்பம் வாங்கினேன்.

பிறகு ஒருநாள் வாய்தா முடிந்து அவர் எங்கள் கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ உர மூட்டைமேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க உள்ளதத்தான சொன்னீங்க தாயி. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. தன் மகன் செல்வத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். செல்வம் போலீஸ் தேர்வில் பாஸாகி, வேலை உத்தரவுக்குக் காத்திருந்த நேரம் அது. மயில் தொல்லையைப் பற்றி அப்பா புலம்பியதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். சில நாளில் மயில்கள் செத்துக் கிடந்தன. மகனையும் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறோம் என்று அதிகாரிகள் சொன்னதும் இவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

"நான் வைக்கல தாயி. எம் மகன்தான் வச்சுட்டான். எம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்கின வேல... அவன்கிட்ட நான் கேக்கவுமில்ல. கேட்டா, ஆமான்னு சொல்லிருவானோன்னு பயமா இருக்கு."

மகனோ, அப்பாதான் செய்தார் என்று நம்புகிறான். ஊரில் தலைகாட்ட முடியாமல் பண்ணிவிட்டார் என்று அவரோடு பேசுவதில்லை, வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு கூரையின்கீழ், ஒருவரை ஒருவர் குற்றவாளி என்று நம்பிக்கொண்டு... செய்யாத இருவர்!

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அவருக்கு மகனைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். தொண்டை வரை வந்தது. கூடவே என் வேலை வந்தது, போலீஸ் வந்தது, மகளின் மாமியார் முகம் வந்தது. டீ சொல்லட்டுமா அண்ணாச்சி என்று கேட்டேன்!

வேண்டாம் என்று எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இத யார்கிட்டயும் சொல்லிராதீங்க தாயி. மனசு தாங்காம உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"சொல்லமாட்டேன் அண்ணாச்சி," என்றேன்.

என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தண்டனை உறுதி என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். ஜெயிலுக்குப் போய்விட்டு வருகிறேன், பையன் வேலைக்குப் போனால் சரி என்று சொல்லித் திரிகிறாராம். உங்களிடம் நான் ஏன் சொன்னேன்? நீங்கள் என்னை அறியாதவர்கள், அதனால்தான். பெயர்களைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்!

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவருடைய மகனிடம் நான் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.