ஏரி நடுவே நின்ற புள்ளி

ஜெர்மனியில் படிக்கும் என் மகன், விமானம் ஏறுமுன் எங்கள் இருவர் போனிலும் ஏதோ செய்துவிட்டு, "நான் எங்க கீறேன்னு இதுலயே பாத்துக்கலாம்மா" என்றான். அன்றிலிருந்து மேப்பில் நகரும் ஒரு புள்ளிதான் எனக்குப் பிள்ளை.

அந்தச் சனிக்கிழமை நண்பர்களோடு அங்கே ஓர் ஏரியில் படகில் போவதாகச் சொல்லியிருந்தான். ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்து போனைப் பார்த்தேன். ஏரிக்கு நடுவில் புள்ளி அசையாமல் நின்றிருந்தது. கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது.

"இன்னாக்கா, வண்டி வந்துடுச்சி, ஏறலயா?" என்று கூட வேலை செய்யும் மேரி கையைப் பிடித்து இழுத்தாள். வழியில் சிக்னல் போய்விட்டால்? நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த ரயிலும் போனது.

போன் அடித்தது. பின்னால் ஒரே சிரிப்பும் பாட்டும். அவன் குரல் மட்டும் நடுங்கியது.

"அம்மா, தண்ணில சிக்னலே இல்ல, இப்பதான் கரைக்கு வந்தேன். நீ ஏன் இன்னும் ஸ்டேஷன்லயே உக்காந்துகினு கீறே? இந்நேரம் ஊட்டுக்குப் போயிருப்பியே! உடம்பு எதுனா சரியில்லையா?"

அவன் போனிலும் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் முதல் வண்டியையே பிடித்துவிடுகிறேன். அங்கே அவன் நிம்மதியாகச் சிரிக்க வேண்டாமா?