கிராணி ஐயாவோட கன்னத்து வெட்டு

இல்லீங்க கிராணி ஐயா, உங்க கன்னத்தை வெட்டினது நான் இல்ல. கத்தி முனியாண்டி அண்ணன் கையில இருந்துச்சு, அவர்தான் சவரக்காரர். என் கையில இருந்தது வெறும் பேப்பர். பேப்பர் படிச்சதால கன்னம் கிழிஞ்சுதுன்னு இந்தக் கூலாய் ஊர்ல நீங்க ஒருத்தர்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. அதோட விட்டீங்களா? ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுதுற அதிகாரத்துல, கடையில இனிமே பேப்பர் படிச்சா தோட்டத்து ஆளு ஒருத்தன்கூட முடிவெட்ட வரமாட்டான்னு அண்ணனை மிரட்டிட்டும் போயிட்டீங்க.

படிக்கத் தெரிஞ்ச ஒரே குத்தத்துக்காக ஊருக்கே பேப்பர் படிச்சுக் காட்டுற என் இனத்து ஜென்மங்களே, நீங்களே சொல்லுங்க. இந்த வேலையில செய்தி எழுதினவன் எங்கயோ சௌக்கியமா இருப்பான், திட்டு மட்டும் படிக்கிறவனுக்கு. ஜொகூர் பாருல பள்ளிக்கூடம் லீவு விட்டா நான் இங்க வந்து, கடை பெஞ்சுல உட்கார்ந்து சத்தமா படிப்பேன். கூலி ஒரு கோப்பி, தலைமுடி வளர்ந்தா ஒரு வெட்டு. இதுக்கு நான் பார்த்த கூத்து கொஞ்சமில்ல.

புலி அடிச்ச ஆளு

பக்கத்துத் தோட்டத்துல விடியக்காலையில ரப்பர் பால் வெட்டப் போனவனைப் புலி அடிச்சுருச்சுன்னு படிச்சேன். ரப்பர் விலை விழுந்து பாதிப் பேருக்கு வேலை போயிருந்த நேரம் அது. யாராச்சும் "ஐயோ பாவம்"னு சொல்லுவாங்கன்னு நான் நிமிர்ந்து பார்க்கிறேன். பின்னால நின்ன மாரிமுத்து, வேலை போன ஆளு, ரொம்ப அமைதியா கேட்டாரு:

"அப்ப நாளைக்கு அவன் வெட்டுற மர நிரை காலியாத்தானே கிடக்கும், தம்பி?"

எனக்குப் புலியே தேவலாம்னு ஆயிருச்சு.

கொள்ளிடத்து வெள்ளம்

மாரிமுத்து சம்சாரம் அஞ்சலை அக்கா கடைக்குள்ள வரமாட்டாங்க, வாசல்லயே நின்னு கேப்பாங்க. ஒருநாள் மெட்ராஸ் பேப்பர்ல கொள்ளிடக் கரை உடைஞ்சு ஊருங்க முழுகிப்போன சேதி. அவங்க ஊர் பேரும் அதுல இருந்துச்சு. "தண்ணி வடிஞ்சுதா, பாரு தம்பி"ன்னாங்க. இந்தப் பேப்பர்ல அது இல்லக்கா, அடுத்த கப்பல்ல வர்ற பேப்பர்லதான் இருக்கும்னேன். என்னமோ நான்தான் கரையை உடைச்சுவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தாங்க.

"அப்ப அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் எங்கம்மா தண்ணியிலேயே நிக்கணுமா?"

நான் பேப்பரைத் திருப்பி, அடுத்த கப்பல் வர்ற தேதி எங்கயாச்சும் போட்டிருக்கான்னு தேட ஆரம்பிச்சேன்.

கன்னம்

அதுக்கப்புறம் அந்தப் புருஷன் பொஞ்சாதி சர்க்கார் கப்பல்ல ஊருக்குப் போக வழி கேட்டு கிராணி ஐயா ஆபீஸ் வாசல்லயே தவம் கிடந்தாங்க. ஐயா சொன்ன பதில், "சர்க்கார் கப்பலா? அப்படி ஒண்ணும் கிடையாது லா. பேசாம பாதிக் கூலிக்கு வேலை தர்றேன், பாருங்க." ரெண்டு பேரும் நம்பிட்டாங்க. தோட்டத்துல கிராணி சொன்னா யாரு நம்பாம இருப்பா?

போன வாரம் ஐயா நாற்காலியில சாஞ்சு, முகம் பூரா சோப்பு நுரையோட கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. வாசல்ல அஞ்சலை அக்கா. நான் சேதியைப் படிச்சேன்: வேலை இல்லாத தோட்டத்து ஆளுங்களை சர்க்கார் செலவுலயே கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்புறாங்க, ஜொகூர்லேருந்தும் போயிருக்காங்க. படிச்சு முடிக்கல, நுரை சிவப்பாயிருச்சு. ஐயா துண்டைக் கன்னத்துல அழுத்திக்கிட்டு, "வாயை மூடிக்கிட்டுப் படிக்கத் தெரியாதாடா உனக்கு?"ன்னு கத்திட்டு, பாதிச் சவரத்தோட கிளம்பிட்டாரு. அஞ்சலை அக்கா பின்னாலயே ஓடுனாங்க, அவர் திரும்பிக்கூட பார்க்கல.

முனியாண்டி அண்ணன் கத்தியைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு:

"என் கை ஆடல தம்பி. கன்னந்தான் ஆடுச்சு."

அதனால கிராணி ஐயா, வர்ற லீவு நாள்ல அதே நாற்காலியில வந்து உட்கார்ந்து, அஞ்சலை அக்காவுக்குக் கப்பல் உண்டா இல்லையான்னு ஊர் முன்னால பதில் சொல்லுங்க, கத்தியை வேணும்னா முனியாண்டி அண்ணன் உள்ள வச்சுப் பூட்டிருவாரு.