பெயர் போடலாமா என்று கேட்டவர்

சூடாமணி 1970இல் மெய்ப்புத் திருத்துபவராக வேலைக்குச் சேர்ந்து, உதவி ஆசிரியராக 1993இல் வெளியே வந்தார். தேனாம்பேட்டையில் இருந்த எங்கள் நாளிதழில் செய்திப் பிரிவில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். அந்தக் காலம் முழுவதிலும் அவர் பெயர் எந்தச் செய்தியின் மேலும் அச்சானதில்லை. பெண்கள் இணைப்புக்கு அவர் எழுதிய கோலமும் சமையல் குறிப்பும்கூட வேறு வேறு கற்பனைப் பெயர்களில்தான் வந்தன. நான் அதே கட்டடத்தில் செய்தி நறுக்குப் பிரிவில் இருந்தேன். எல்லாப் பத்திரிகைகளையும் வெட்டி, தேதி எழுதி, பொருள்வாரியாக உறையில் போட்டு வைப்பது எங்கள் வேலை. பகலில் எங்கள் பிரிவுக்கு வந்து உட்கார்ந்து படிக்கும் ஒரே உதவி ஆசிரியர் அவர்.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“சார், ஆத்துல சும்மாதானே இருக்கேள்? சனிக்கிழமை மத்தியானம் எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

“ரிப்போர்ட்டர்ஸுக்கு ஒரு வகுப்பு எடுக்கறேன். நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க கட்டிங்கைக் கொண்டுவந்து காட்டினா நம்புவா.”

என் மனைவி உள்ளேயிருந்து, “அழைச்சுண்டு போங்கோ மாமி, புண்ணியமாப் போகும்” என்றாள். இப்படித்தான் நான் அந்த வகுப்புக்குப் போனேன். அறுபது வயதுக்கு மேல் எனக்கு இன்னொரு வேலை கிடைத்தது அவரால்தான். நன்றியோடு அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு நடந்த இடம் பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த தட்டச்சுப் பயிலகம். சனிக்கிழமை மதியம் அங்கே பயிற்சி கிடையாது. ரெக்சின் உறை போட்ட தட்டச்சு இயந்திரங்களுக்கு முன்னால் நிருபர்கள் உட்காருவார்கள். பெரும்பாலும் ஆண்கள், குற்றச் செய்தி எழுதுபவர்கள். கலவரம் நடந்த இடத்தைப் பற்றி எழுதும்போது அங்கே இருக்கும் பெண்களை எப்படி எழுதுகிறோம், சமாதானம் ஆனபோது அவர்கள் எங்கே போய்விடுகிறார்கள் என்பதுதான் பாடம். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. சூடாமணி அதைச் சொல்லமாட்டார். “சண்டையும் சமாதானமும் எழுதற வகுப்பு” என்பார். ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாள் கரும்பலகையில் ஒரே வரியை எழுதுவார்: ‘பெண்களுக்குப் பெயர் உண்டு. பெயரோடு எழுது.’

1995 மே மாதம், கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய இரண்டு குடிசைத் தெருக்களுக்கு இடையே மோதல் நடந்தது. மதச் சண்டை அல்ல; இரண்டு தெருவிலும் எல்லோரும் கலந்தே இருந்தார்கள். சில குடிசைகள் எரிந்தன, ஓர் இளைஞருக்கு மண்டை உடைந்தது. அப்போது அங்கே நின்றிருந்த தண்ணீர் லாரியின் முன்கண்ணாடியில் கல் விழுந்தது. மறுநாள் பத்திரிகைகளில் வந்த தலைப்புகளை நான் வெட்டிக்கொண்டு போனேன். ‘குழாயடிச் சண்டை கலவரமானது’, ‘குழாயடியில் பெண்கள் மோதல், குடிசைகளுக்குத் தீ’. கொஞ்சம் முன்பின்னாக எல்லாம் இதே மாதிரிதான்.

அந்தச் செய்திகளில் ஒன்றை எழுதிய தமிழ்மாறன் வகுப்பிலேயே இருந்தார். இருபத்தாறு வயது, வியாசர்பாடிக்காரர்.

“குழாயடின்னு உனக்கு யார் சொன்னா?” என்று கேட்டார் சூடாமணி.

“ஸ்டேஷன்ல ரைட்டர் போன்ல சொன்னாரு மேடம்.”

“குழாயடின்னே சொன்னாரா?”

“இல்ல, தண்ணி லாரி கண்ணாடி ஒடஞ்சிதுன்னாரு. அப்புறம்... குப்பம், தண்ணி, லேடீஸ்... அது தானா வந்துடுச்சி மேடம். கையே எழுதிடுச்சி.”

வகுப்பு சிரித்தது. சூடாமணியும் சிரித்தார். “என் கையும் எழுதியிருக்கு. அந்த டெஸ்க்ல உக்காந்துண்டு எத்தனை தடவை போட்டிருக்கேன் தெரியுமா? சரி, எழுந்திருங்கோ. போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்.”

பஸ் பிடித்துப் போனோம். இரண்டு தெருவையும் சுற்றி வந்தோம். அங்கே குழாயே இல்லை. நடுவில் ஒரே ஓர் அடிபம்பு இருந்தது. மற்றபடி லாரித் தண்ணீர்தான். சண்டையின் காரணத்தையும் அங்கேயே விசாரித்தார்கள். கேரம் மன்றத்துக் கொட்டகையை எந்தத் தெருவில் போடுவது என்று இளைஞர்களுக்குள் வந்த தகராறு அது. முதல் தகவல் அறிக்கையிலும் அப்படியே இருந்ததைத் தமிழ்மாறன் பிறகு பார்த்துவிட்டு வந்தார். பெண்கள் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

ஆனால் செய்தியின் பலனை அனுபவித்தவர்கள் பெண்கள். பத்திரிகை படித்த லாரி ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டார்கள். மே மாத வெயிலில் இரண்டு தெருவும் ஓர் அடிபம்பை நம்பி நின்றன.

அங்கேதான் செண்பகத்தைப் பார்த்தோம். கிழக்குத் தெரு, கணவர் மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டினார். மண்டை உடைந்த இளைஞர் அவருடைய கொழுந்தன். மேற்குத் தெருவிலிருந்த ஜமீலுன்னிசாவின் தம்பி, அடித்த கோஷ்டியில் ஒருவர். இந்த இருவரும் அடையாறில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்தார்கள். தெருவில் பேசிக்கொள்ள முடியாதவர்கள், வேலை செய்த இடத்தின் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அடிபம்பில் அந்தத் தெருக் குடம் ஒன்று, இந்தத் தெருக் குடம் ஒன்று என்று மாற்றி மாற்றி வரிசை. யாரும் யாரிடமும் பேச வேண்டாம், குடங்கள் பேசிக்கொள்ளும். நாலு நாளில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். பிறகு பிள்ளைகள். பையன்கள் முறைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். (இருவருடைய பெயரையும் இப்போது எழுதுவதற்கு அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

தமிழ்மாறன் இதையெல்லாம் விசாரித்து அருமையாக எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை சூடாமணியின் வீட்டுக்கே கொண்டுவந்தார். அன்று மாலை பக்கம் முடிந்து, மறுநாள் காலைப் பதிப்பில் வர வேண்டியது. நானும் அங்கே இருந்தேன். மொட்டை மாடிப் பேச்சு, இருவரின் பெயர், எந்தத் தெரு, யாருக்கு என்ன உறவு, எல்லாம் அதில் இருந்தன. சூடாமணி இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“இதுதான்டா நான் கேட்டது” என்றார். காபி கொண்டுவர உள்ளே போனவர், கையில் டம்ளர் இல்லாமலே திரும்பி வந்தார்.

“தமிழ்மாறா, பேர் போடலாமான்னு கேட்டியோ?”

“பேரு கேட்டேன் மேடம். சொல்லிச்சே.”

“பேர் என்னன்னு கேட்டே. பேப்பர்ல போடலாமான்னு கேட்டியா?”

“நீங்கதான மேடம் போர்டுல எழுதிப்போட்டீங்க, பேரோட எழுதுன்னு.”

சூடாமணி செருப்பை மாட்டிக்கொண்டார். ஆட்டோவில் மூவரும் அடையாறு போனோம். தெருவில் போய்க் கேட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று, வேலை செய்யும் இடத்துக்கே போனோம். மொட்டை மாடியில் ஈரப் புடவைகளுக்கு நடுவே இருவரும் நின்றிருந்தார்கள். சூடாமணி செய்தி முழுவதையும் வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் செண்பகம் மாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

“வேணாம்மா. இது வந்திச்சின்னா என் கொழுந்தன் என்னை ஊட்டுல வெக்கமாட்டான். அடிச்சவன் அக்காகிட்ட போயி ராசி பண்ணிக்கினு வந்தியான்னு கேப்பான். என் ஊட்டுக்காரரும் தம்பி பக்கம்தான் பேசுவாரு. அப்புறம் வரிசையும் போச்சி, எல்லாம் போச்சி.”

“போலீஸ் ஸ்டேஷனில் சமாதானக் கூட்டம் நடந்ததே?” என்று நான் கேட்டேன்.

“அத்த ஏன் கேக்குற பெரியவரே. ஆம்பளைங்க போயி டீ குடிச்சிட்டு கையெழுத்து போட்டுட்டு வந்தாங்க. அவுங்கதான் ராசி பண்ணாங்கன்னு நெனச்சிக்கினு கீறாங்க. நெனச்சிக்கட்டும். எனக்கு லாரி வந்தா போதும்.”

ஜமீலுன்னிசாவுக்கு இது பிடிக்கவில்லை. “என் பேர போடுங்கம்மா. எனக்கு இன்னா பயம்? என் தம்பி எதுனா கேட்டான்னா தொடப்பம் கீது.”

“உன் பேர போட்டா என் பேர் தெரியாமயா போவும்? அறிவு கீதா உனுக்கு?”

“ஆமா, உனுக்குதான் ரொம்ப கீது. கொழுந்தனுக்கு பயந்துக்கினு மாடில வந்து குசுகுசுன்னு பேசுறவ.”

“நீ மட்டும் எங்க வந்து பேசுன? டவுன் ஆலுலயா?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சூடாமணி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது அவர் இருபத்தைந்து வருஷமாக அச்சில் பார்க்க ஆசைப்பட்ட செய்தி என்பது எனக்குத் தெரியும்.

“பேர் வராது செண்பகம்” என்றார் கடைசியில். “மாடியும் வராது. ஆனா வரிசையைப் பத்தி எழுதலாமா? அதை யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாமே. சண்டை உங்களால வரலைன்னு போடணும். அப்பதான் லாரி வரும்.”

செண்பகம் யோசித்தார். “வரிசையப் போடு. வரிசைக்கு ஓனரா கீறாங்க?”

“சரி, இவளுக்கோசரம் உடறேன்” என்றார் ஜமீலுன்னிசா. “போட்டா புடிச்சா என் கொடம் மொதல்ல நிக்கணும். பச்சைக் கொடம்.”

தமிழ்மாறன் பம்படிக்குப் போய்ப் புகைப்படக்காரரை வரவழைத்தார். முகங்கள் இல்லை, குடங்கள் மட்டும். இந்தத் தெருவினது ஒன்று, அந்தத் தெருவினது ஒன்று. நாங்கள் பாண்டி பஜார் பக்கம் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அவருடைய செய்தி ஆசிரியர் ராகவேந்திரனை அழைத்தோம். சூடாமணிதான் பேசினார். குரல் வெளியே கேட்கும் பழைய கருவி அது.

“பேரு இல்லாம ‘அப்பகுதிப் பெண்கள்’னு போட்டா எவன் மேடம் படிப்பான்? காலைல அந்தப் பையன் சொன்ன கதை நல்லா இருந்திச்சே?”

“அதை விட்டுடுங்கோ. அவா வேண்டாங்கறா.”

“அப்ப வெறும் குடத்தைப் போட்டோவா போடச் சொல்றீங்களா? நான் பேப்பர் நடத்தறேனா, பாத்திரக் கடை நடத்தறேனா?”

“ராகவேந்திரன், போன வாரம் உங்க பேப்பர்ல குழாயடிச் சண்டைன்னு போட்டேள். அங்க குழாயே கிடையாது. அதுக்குத் திருத்தம் போடறேளா, இந்தப் படத்தைப் போடறேளா?”

“மூணாம் பக்கம் பாக்கறேன்” என்றார் ராகவேந்திரன்.

மறுநாள், மே 27, சனிக்கிழமை, மூன்றாம் பக்கத்தில் வந்தது. கேரம் கொட்டகைத் தகராறு என்று காரணத்தைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். இரண்டு தெருப் பெண்களும் ஒரே வரிசையில் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றும் இருந்தது. தமிழ்மாறனின் பெயர் இருந்தது. வேறு யார் பெயரும் இல்லை. இடம் போதாமல் படத்தின் ஓரத்தை வெட்டியதில் பச்சைக் குடம் போய்விட்டது.

அன்று வகுப்பில் சூடாமணி கரும்பலகையில் தன் பழைய வரியை எழுதினார். அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘அச்சில் போடலாமா என்று அவரிடமே கேள். வேண்டாம் என்றால் அதையும் மதித்து எழுது.’ முதல் வரியை அழிக்கவில்லை. “ரெண்டும் வேணும். ஒண்ணை மட்டும் வெச்சுண்டு நான் இவ்வளவு நாள் சொல்லிக் கொடுத்திருக்கேன்” என்று நிருபர்கள் முன்னிலையிலேயே சொன்னார். தன் பாடத்தைத் தானே திருத்திக்கொண்ட ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் இருவரும் முழுப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் போனோம், ஜமீலுன்னிசாவைச் சமாதானப்படுத்த. தெருமுனையில் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் அக்பர் பாஷா ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்கண்ணாடி புதிது.

“பேப்பர்ல பாத்தேன், சண்ட இல்லியாமே” என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

“எப்ப இருந்திச்சி?” என்றார் ஜமீலுன்னிசா. “உன் கண்ணாடிய நாங்களா ஒடச்சோம்? பொம்பளைங்களுக்கு பயந்துக்கினு ஓடிப்போன ஆளு நீ. ஒயுங்கா புடி, கீழ ஊத்திக்கினு கீது.”

வரிசையில் பின்னால் நின்ற செண்பகம் எங்களைப் பார்த்தார். தெரிந்தவர் மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் கட்டுப் போட்ட தலையோடு அவருடைய கொழுந்தன் இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு நின்றார். சூடாமணியும் படத்தைப் பையிலிருந்து எடுக்காமலே, யாரோ வழிப்போக்கர் மாதிரி அவர்களைக் கடந்து நடந்தார். தெருக்கோடி திரும்பிய பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், இன்னிக்கு உங்காத்துல காபி சாப்பிடறேன்” என்றார்.