நான் சேர்த்த ஒரு வரி

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். செஞ்சியில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுக்கிறேன். மற்ற சாஃப்ட்வேர்கள் வரைபடம் போடப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றின் புதிய வடிவத்தை, லினக்ஸில் நேரே ஏற்றிக்கொள்ளும் பேக்கேஜாகக் கட்டி, இணையத்தில் எல்லோருக்கும் தருகிறேன்.

எங்கள் தெரு இன்ஜினியர் மூர்த்தி டீக்கடையில் நாலு பேர் எதிரில், "இன்னாடா, எட்டாங்கிளாஸ்லாம் பேக்கேஜ் கட்டுது! அத நம்பி நாங்க சாஃப்ட்வேர் ஓட்டணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

அவன் ஓட்டும் சாஃப்ட்வேருக்கு அதே தொகுப்பின் பழைய பேக்கேஜ்தான் வேண்டும். பழையதும் புதியதும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும்படி கட்டுவதுதான் முறை. நானோ, அப்டேட்டில் புதியது ஏறினால் பழையதை நீக்கிவிடும்படி ஒரு வரி சேர்த்து வெளியிட்டேன். அவன் தவிப்பதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

மறுநாள் காலை, என்னிடம் லினக்ஸ் போட்டுக்கொண்ட செல்வி பக்கத்து வல்லத்திலிருந்து லேப்டாப்போடு வந்தாள். கிணறுகளின் நீர்மட்டத்தை வரைபடமாக்கும் தற்காலிக வேலை அவளுக்கு.

"அப்டேட் போட்டேன்ணா, படமே வரல. மதியம் ஆபீசர் வராரு. காட்டலன்னா வேலை போயிடும்."

"அதத் தவிர வேற இன்னா பண்ண நீ?"

"நான்தான் எதையோ அழிச்சிட்டேன் போல. நீங்க கட்டுனதுல தப்பு இருக்காதுண்ணா."

அவள் சாஃப்ட்வேருக்கும் பழையதுதான் வேண்டியிருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி வெளியிட்டேன். அவளுக்குப் பழையதை ஏற்றிக் கொடுத்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மூர்த்தி அப்டேட்டே போடவில்லை என்று பிறகு தெரிந்தது. அவனுக்கு ஒருநாள் திருப்பிக் கொடுப்பேன். பேக்கேஜில் அல்ல, நேருக்கு நேர். செல்விதான் அந்தத் தப்பைத் தன்னுடையது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.