ஆர்ஜியாவுக்குக் கிடைத்த விசில்

இத்தாலியில் எங்கள் பார்மா ஊரில் ஆர்ஜியாவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவள் பாட்டு எப்படி என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார்கள். ஓபரா என்கிற பாட்டு நாடகத்தில் ஒரு வேலைக்காரி வருவாள் அல்லவா, தட்டை ஏந்திக்கொண்டு, "அம்மா, வண்டி வந்துவிட்டது" என்று ஒரே வரி பாடிவிட்டுப் போவாளே, அவள்தான் ஆர்ஜியா. வேலைக்காரி இல்லாவிட்டால் தாதி. தாதியும் இல்லாவிட்டால் சத்திரக்காரி. இருபது வயதில் மேடையேறியவள், தலை நரைக்கும்வரை அடுத்தவளுக்குச் சால்வை எடுத்துக் கொடுத்தாள். கதாநாயகி சாகும்போது பக்கத்தில் நின்று அழுவதும் அவள் வேலைதான். அந்த அழுகையை நான் குறை சொல்ல மாட்டேன், நிஜக் கண்ணீர் வரும்.

நான் தீர்ச்சே, சந்தைத் தெருவில் தொர்தெல்லி என்கிற கீரை அடைத்த கொழுக்கட்டை செய்து விற்கிறவள். நாங்கள் இருவரும் ரயில்வே குடியிருப்பில் ஒன்றாக வளர்ந்தோம். அவள் அப்பா கேட் கீப்பர். ரயிலுக்காகக் காத்து நிற்கிற வண்டிக்காரர்களுக்கு ஆர்ஜியா பாடிக் காட்டுவாள். கேட்டைத் திறந்த பிறகும் ஒரு வண்டியும் நகராது, அவள் அப்பா கத்தித் தீர்ப்பார். குரல் நல்ல குரல்தான். உயரம் கம்மி, மூக்கு நீளம், சிபாரிசுக்கு ஆள் இல்லை. தட்டு கைக்கு வந்துவிட்டது.

தியேட்டரின் உச்சியில், கூரையை ஒட்டி இருக்கிற மேல்மாடம் எங்களுடையது. முடிதிருத்துகிற நுல்லோ, குதிரைக்கறி விற்கிறவர், நான், இன்னும் எங்கள் மாதிரி வாயடிக்கிற கும்பல். நன்றாகப் பாடினால் தலையில் தூக்கி வைத்து ஆடுவோம். பிசகினால் விசில்தான். எங்கள் ஊரில் விசில் என்றால் செருப்படி, அதை மறந்துவிடாதீர்கள். மிலானோ நகரத்திலிருந்து வருகிற பெரிய பாடகர்கள்கூட வாயைத் திறக்குமுன் எங்கள் மாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். அதிலும் ஒலிந்தோ, பன்றித்தொடைக் கறி கெடாமலிருக்க உப்புப் பூசுகிறவன், இரண்டு விரலை வாயில் வைத்தால் கீழே சீமாட்டிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இளவயதில் ஒருநாள் அவன் ஒரு பாடகனை விசிலடித்து விரட்டினான். மறுநாள் காலையில் ஆர்ஜியா அவன் உப்புக் கிடங்குக்கே போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"ஏன்யா, மனுஷன்தானா நீ? அந்த ஆள் உள்ளே வந்து எப்படி அழுதான் தெரியுமா?"

"சுருதி எகிறுச்சு, அடிச்சேன். உன்னையா அடிச்சேன்? உனக்கெதுக்கு இவ்வளவு கோபம்?"

"என்னை அடிப்பியா நீ? வேலைக்காரியை எவன் விசிலடிப்பான்? நான் பாடினதே உங்க யாரு காதுலயும் விழாதே!"

சொல்லிவிட்டுப் பொலபொலவென்று அழுதாள். ஒலிந்தோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைக்குட்டை தேடினான், கிடைக்கவில்லை, உப்புக் கையோடு அவள் கண்ணைத் துடைக்கப் போய் அவள் இன்னும் அலறினாள். அந்த வருஷமே கல்யாணம்.

அவன் மேல்மாடத்தை விடவில்லை, அவள் தட்டை விடவில்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேறு ஊர் போனார்கள். கடைசியில் தியேட்டர்க்காரர்கள் அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். விடைபெறும் பரிசாகத் தங்கக் கடிகாரம் தருகிறோம் என்றார் நிர்வாகி.

"கடிகாரம் வேணாம் ஐயா. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கதாநாயகியா பாட விடுங்க. எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம்."

நிர்வாகி சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஊரே பூரித்துப்போனது. எனக்கும் சந்தோஷம்தான். ஆர்ஜியா மட்டும் சிடுசிடுவென்று என் கடைக்கு வந்தாள்.

"தீர்ச்சே, எல்லாரும் என்னைப் பார்த்து ஏண்டி இப்படி இளிக்கிறாங்க? பொறந்தநாள் கொண்டாடற குழந்தையைப் பார்க்கிற மாதிரி?"

"பாசம்டி."

"எனக்குப் பாசம் வேணாம். பாவம் பார்த்துக் கை தட்டினீங்கன்னா செத்துப் போயிருவேன். ஒரு நாளாவது என்னைப் பாடகியா வச்சுக் கேளுங்கடி!"

அவள் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் முந்தின நாளே நுல்லோ சாராயக்கடையில் எல்லோரையும் கூட்டிவைத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "ஞாயித்துக்கிழமை ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது. எப்படிப் பாடினாலும் கைதட்டு. நம்ம ஆர்ஜியா!" எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ஒலிந்தோ மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மதியம். மேல்மாடத்தில் எள் போட்டால் எள் விழாது. முதல் அங்கத்தில் அவள் குரல் கொஞ்சம் தயங்கியது, இரண்டாவதில் திடமாகிவிட்டது. அடடா, இந்தக் குரலையா தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம் என்று எனக்கு ஆத்திரமே வந்தது. மூன்றாம் அங்கத்தில், கதாநாயகி சாவதற்கு முன்னால் உச்சத்துக்கு ஏறுகிற அந்த ஒற்றைச் சுரம் வந்தது. ஏறினாள். பாதியில் குரல் பிளந்துவிட்டது.

தியேட்டர் மூச்சு விடவில்லை. இதுவே மிலானோக்காரியாக இருந்தால் கூரை பறந்திருக்கும். ஒரு சத்தமும் இல்லை. பிறகு நுல்லோ மெதுவாகக் கைதட்டினான். கூடவே இன்னும் சிலர், நோயாளியைத் தட்டிக் கொடுப்பதுபோல, மெத்து மெத்தென்று. மேடையில் ஆர்ஜியாவின் தோள் தொங்கிப் போவதை நான் பார்த்தேன். பழைய வேலைக்காரி நிற்பாளே, அதே நிற்பு.

அப்போதுதான் அந்த விசில். ஒரே விசில், என் பக்கத்திலிருந்து.

"அடப்பாவி!" நுல்லோ ஒலிந்தோவின் சட்டைக் காலரைப் பிடித்தான். "சொந்தப் பொண்டாட்டிடா!"

"அதனாலதான்டா. கையை எடு."

ஆர்ஜியா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அந்த விசில் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன! நீள மூக்கை உயர்த்தினாள். வாத்தியக்காரர்களை நடத்துகிறவரிடம் திரும்பி, மறுபடியும் என்று விரலால் காட்டினாள். அவர் கோலைத் தூக்கினார்.

இந்த முறை சுரம் பிளக்கவில்லை. சுத்தமாக ஏறி நின்றது. கொஞ்சம் சீக்கிரம் இறங்கிவிட்டாள், அதை நான் மறைக்க மாட்டேன். "பிரமாதம்!" என்று ஒருவன் கத்தினான். "குட்டையா முடிச்சுட்டா!" என்று குதிரைக்கறிக்காரர் கத்தினார். "உன் காதுதான் குட்டை!" என்றேன் நான். பாதி மேல்மாடம் கைதட்ட, பாதி மேல்மாடம் விசிலடிக்க, ஒரே ரகளை. ஆர்ஜியா செத்துக் கிடக்க வேண்டிய இடத்தில் படுத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை தாங்கவில்லை.

மறுநாள் நான் தொர்தெல்லி கொண்டு போனேன். போகிற வழியில் நுல்லோவின் கடையில், பாதி முகத்தில் சோப்போடு ஒருவர் ஆர்ஜியாவின் சுரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதை அவளிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு தட்டைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"ஏன்யா, அந்த விசில் என்ன அவ்வளவு மெலிசா இருந்துச்சு? மிலானோக்காரங்களுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கலையே நீ?"

ஒலிந்தோ தட்டைப் பார்த்தபடியே இருந்தான்.

"அடிச்சேன்டி. உதடு நடுங்கிருச்சு."

ஆர்ஜியா பாத்திரத்தை மறுபடி திறந்தாள். அவன் தட்டில் இன்னும் இரண்டு தொர்தெல்லி வைத்து, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.