கல் முகத்தில் திருநீறு

நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் பார்த்துப் பழகிவிட்டதால் எனக்கு லேசில் அருவருப்பு வராது. சொத்தை, சீழ், நாற்றம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அங்கேயே இருந்து மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, மத்திய அமெரிக்காவில் பெலிஸ் நாட்டுக் காட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து கற்பூர வாசம் பட்டாலே அருவருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

பயணத்தை ஒழுங்கு செய்தவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில் இருக்கும் ஒரு அண்ணை. வீடு விற்கும் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் கனடாவுக்கு வந்த புதிதில் அவருக்கு முதல் வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அண்ணை சொன்னால் சொன்னதுதான். எந்தக் கிறுக்கைச் சொன்னாலும் என் கணவர் தலையாட்டுவார்.

அண்ணையின் இப்போதைய கிறுக்கு மாயன் கோபுரங்கள். மாயன் என்றால் வேறு யாருமல்ல, நம்முடைய புராணத்துச் சிற்பி மயன்தானாம். கடல் கடந்து போய் அந்தக் கோபுரங்களைக் கட்டியவர் அவராம். ஆகவே அங்கே இருக்கிற சனம் எல்லாம் தமிழ்ச் சனமாம். ‘மா’வில் இருந்த ஒரு அரவை, அந்தத் துணைக்காலை, தூக்கிவிட்டு ஒரு இனத்தையே சொந்தமாக்கிக்கொண்ட மனிதர். அவருடைய பேச்சைக் கேட்டு, என் கணவரோடு, ஒரு வான் நிறைய ஆட்கள் சேர்ந்தார்கள். நான் சேர்ந்தது குரங்கு பார்க்க. அந்தக் காட்டில் சிங்கம்போல உறுமுகிற குரங்குகள் இருக்கின்றன என்று எங்கோ பார்த்திருந்தேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் மாயா இனத்து இளைஞர். கல்யாணம் கட்டி, கைக்குழந்தையும் இருந்தது. முன்பு கரும்பு லொறி ஓட்டினவராம். வழிகாட்டிப் பரீட்சையில் பலமுறை தோற்று, கடைசியில் எப்படியோ பாஸ் பண்ணி லைசன்ஸ் எடுத்திருக்கிறார். அந்த லைசன்ஸ் அட்டை கழுத்தில் தொங்கியது. யாரும் கேட்காமலே அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். உள்ளதைச் சொன்னால், அவர் ஓயாமல் விட்ட பகிடிகள் எனக்குச் சலிப்பாகவே இருந்தன.

“தம்பி, உமக்குத் தெரியாது, நீர் தமிழன்” என்று அண்ணை வானில் ஏறிய உடனேயே ஆங்கிலத்தில் அவருக்கு அறிவித்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு, “என் அம்மாவிடம் சொல்கிறேன், அவவுக்கும் தெரியாது” என்றார். ஆனால் இன்னொரு விஷயம் அவருக்குப் புதிராக இருந்திருக்கிறது. எதைச் சொன்னாலும் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் “ஓம்” என்கிறோமே, இது என்ன, ஏதும் பிரார்த்தனையா என்று என்னிடம் கேட்டார். யோகா செய்கிற வெள்ளைக்காரரை நிறையப் பார்த்தவர். எங்கள் ஈழப் பக்கத்துப் பேச்சில் அது வெறும் ‘யெஸ்’ என்று நான் விளங்கப்படுத்தினேன். மனிதருக்கு அது பிடித்துப்போயிற்று. அதன்பிறகு எங்கள் ஆட்கள் தமிழில் என்ன கேட்டாலும், ஒரு சொல்லும் விளங்காமலே “ஓம், ஓம்” என்றார். அவர் சொல்லச் சொல்ல வானே குலுங்கிச் சிரித்தது.

காட்டுக்குள் போனதும் மானம் போகிற எங்கள் பரிசுகேடு தொடங்கியது. ஒருவர் ஃபோனில் படப்பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு நடந்தார். இலைத்துண்டுகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போன எறும்புகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த அங்கிள் சப்பாத்தால் அந்த வரிசையை அரைத்துவிட்டு, “இப்ப என்ன செய்யினம் எண்டு பாப்பம்” என்றார். முகம் துடைத்த ஈரக் கடதாசிகளைப் பாதை நெடுக எறிந்தார்கள். “காசு குடுத்தெல்லோ வந்தனாங்கள், ஒரு சிறுத்தையைக் காட்டச் சொல்லுங்கோ” என்று ஒரு அன்ரி என்னை இடித்தார். வழிகாட்டி எங்களுக்குப் பின்னால் குனிந்து குனிந்து கடதாசி பொறுக்கிக்கொண்டு வந்தார். என் முகம் எரிந்தது. நானும் கொஞ்சம் பொறுக்கினேன்.

பிறகு அந்த உறுமல் வந்தது. வயிற்றுக்குள்ளால் போகிற சத்தம். மேலே பார்த்தால் ஒரு கறுத்தக் குரங்கு, மடியில் குட்டியோடு, எங்களைப் பொருட்படுத்தாமல் இலை தின்றுகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ முறுக்கு எறிந்தார்கள். அது குட்டியின் முதுகில் பட்டது. சீ என்று வாய்விட்டே சொன்னேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கோபுரத்தடியில் வழிகாட்டி எங்களை நிற்பாட்டி, முதல்தடவையாகப் பகிடி இல்லாமல் பேசினார். கயிற்றைத் தாண்டக்கூடாது, கல்லைத் தொடக்கூடாது, நெருப்பு வேண்டவே வேண்டாம். “ஏதாவது நடந்தால் உங்களைக் கேட்கமாட்டார்கள். இதைத்தான் கேட்பார்கள்” என்று கழுத்து அட்டையைத் தட்டினார். எல்லோரும் “ஓம்” என்றோம்.

உச்சியில் ஒரு சின்ன அறை. அதன் சுவரில் ஒரு கல் முகம். அகன்ற மூக்கு, பாதி மூடிய கண், கன்னத்தில் பழைய சிவப்புச் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணை அதைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, வழிகாட்டியின் தோளில் கைபோட்டுத் தமிழில் கேட்டார்.

“தம்பி, உதிலை ஒரு சின்னக் கற்பூரம் கொளுத்தட்டோ?”

“ஓம், ஓம்!” என்றார் வழிகாட்டி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வழக்கமான பகிடி என்று நானும் நினைத்தேன். கீழே முழங்கால் வலியோடு பாதிப்படியில் இருந்துவிட்ட அன்ரியைக் கூட்டிவர வழிகாட்டி இறங்கினார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அண்ணை இடுப்புப் பையைத் திறந்தார். திருநீற்றைக் குழைத்து அந்த முகத்தின் நெற்றியில் மூன்று குறி இழுத்தார். சந்தனத்தை எச்சில் தொட்டுப் பொட்டு வைத்தார். கயிற்றுக்கு அப்பால் கையை நீட்டி, தாடைக்குக் கீழே ஒரு பிடி கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்? அந்தாள் வேண்டாம் எண்டு சொன்னதெல்லே!” என்று கத்தினேன்.

“அவனே ஓம் எண்டிட்டான், தங்கச்சி. நீர் கும்பிடும்.”

குனிந்து ஊதினேன், அணையவில்லை. கரும்புகை கல்லில் ஏறி, சிவப்புச் சாயம் இருந்த கன்னத்தை மூடியது. அந்த எச்சிற் பொட்டைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொண்டேன். நெருப்பின் மணத்துக்குக் கோபுரத்தடியில் நின்ற காவலர் படியேறி ஓடிவந்தார். வழிகாட்டியும் பின்னால் வந்தார். இது யார் வேலை என்று காவலர் கேட்டார்.

அண்ணை துளியும் தடுமாறவில்லை. வீடு விற்கிற அதே குரலில், அதே ஆங்கிலத்தில், “நாங்கள் அனுமதி கேட்டோம். இவர் ஆம் என்றார். எல்லோரும் சாட்சி” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வழிகாட்டி என்னைத்தான் பார்த்தார். “அந்தச் சொல்லா?” என்று கேட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் காவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவருக்குத் தமிழ் தெரியாது, கேட்டது தமிழில், இவர் பகிடிக்குச் சொன்ன ஒரே சொல் அது, கொளுத்தும்போது இவர் இங்கே இல்லவே இல்லை என்று. காவலர் பொறுமையாகக் கேட்டார். வேறு யாராவது இதையே சொல்வீர்களா என்று கேட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தார்.

என் கணவர் அண்ணையைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். “நான் அந்தப் பக்கம் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றையும் காணவில்லை” என்றார்.

காவலர் கையை நீட்டினார். வழிகாட்டி தானாகவே தலையைக் குனிந்து அந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

வானில் திரும்பும்போது, “டிப்ஸைக் கொஞ்சம் கூட்டிக் குடுப்பம்” என்றார் அண்ணை. என் கணவர் என் காதுக்குள், “எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ? ஆரோ ஒருத்தனுக்காக?” என்றார். காட்டிக் கொடுப்பது என்பது, போர்க்காலத்திலிருந்து எங்கள் சனம் எவ்வளவு பயத்தோடு சொல்கிற சொல் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்து, ஒரு பொய்க்கு மூடியாகப் போட்டார் பாருங்கள். அன்றிரவு அவர் தொட்ட தண்ணீர்ப் போத்தலைக்கூட நான் தொடவில்லை.

ரொறன்ரோ வந்து இறங்கியதும், லைசன்ஸ் கொடுக்கிற அந்த நாட்டு அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டேன். பதில் மரியாதையாக வந்தது. விசாரணை முடியும்வரை அவர் வேலை செய்ய முடியாது, நேரில் கண்ட இன்னொருவர் எழுதினால் லைசன்ஸைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்றார்கள். அதைக் கணவருக்குக் காட்டினேன். “பாப்பம்” என்றார். வாரக்கணக்காக அதே “பாப்பம்”. நான் சமைத்ததைத் தின்றுகொண்டே சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் என் மச்சாளின் புதுவீட்டுக்குப் போயிருந்தோம். பயணம் எப்படி என்று யாரோ கேட்டார்கள். என் கணவருக்குக் குஷி பிறந்துவிட்டது. கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அண்ணை திருநீறு பூசினார் பாருங்கோ, அந்தக் கல்லுக்கு அப்பிடியே எங்கட சிவன்ரை முகம் வந்திட்டுது! கற்பூரம் பத்தினோடனை கண் ரெண்டும் முழிச்ச மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. அந்தப் பெடியன் கீழை படியிலை நிண்டவன், பாவம், அவனுக்கு உந்தக் குடுத்துவைப்பு இல்லை.”

எல்லோரும் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பிப் போய், அந்த ஈமெயிலைத் திறந்து, ஃபோனை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இப்ப சொன்னியளே, அதை அப்பிடியே உதிலை எழுதுங்கோ. நாலு வரி போதும். அந்தாளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்.”

அவர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். திருப்பி மேசையில் வைத்தார்.

“வீட்டை போய்ப் பாப்பம். என்ரை கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்” என்றார்.

கண்ணாடி அவருடைய மூக்கில்தான் இருந்தது.